இரண்டாவது பம்ப்

“பம்புக்குள்ள கயித்தை அவன்தான் போட்டிருப்பான். ரெண்டாவது பம்ப் வேணும்னு ரெண்டு வருஷமா நச்சரிச்சவன் ஆச்சே” என்று ரொட்டிக்கடை வரிசையில் அல்மூத் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நான்தான் நிற்கிறேன் என்பது அவளுக்குத் தெரியாது.

“பெண்டாட்டி படுத்திருக்கிற வீட்டுக்குள்ளயே ஒருத்தன் சாக்கடையை வரவழைப்பானா?” என்றேன்.

திரும்பிப் பார்த்தாள். “நீங்களா கேஷெக்கா? விடுங்க, அவன் போயே மூணு வருஷமாச்சு.”

“உன் வாய் இன்னும் போகலையே.”

கடைக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அல்மூத் ரொட்டியைக் கூட எடுக்காமல் போய்விட்டாள். நான் விடுவதாக இல்லை. எனக்கு என் பெயரை மட்டும்தான் எழுத வரும், அதனால் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ரெம்மரைப் பற்றி இந்த லேர் ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அந்தக் கயிறு யாருடையது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைப் பின்னியவளே நான்தான்.

ரெம்மர் எங்கள் கட்டடத்தின் காவலாள். காவலாள் என்றால் கதவருகே உட்கார்ந்திருக்கிறவன் இல்லை. படிக்கட்டு விளக்கு, கொதிகலன், குப்பைத்தொட்டி, பனி தள்ளுவது எல்லாம் அவன் வேலை. சம்பளத்தோடு தரைக்குக் கீழே இரண்டு அறை வீடும் அவனுக்கு உண்டு. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் வயல் தண்ணீரை ஆற்றுக்குள் இறைத்துத் தள்ளும் பம்ப் நிலையத்தில் இருந்தான். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே அது பசியோடு ஓடுகிறதா, வயிறு நிறைந்து ஓடுகிறதா என்று சொல்வான். மனைவி தால்கெ மீன் பதப்படுத்தும் கூடத்தில் நின்று நின்றே இடுப்பைத் தேய்த்துக்கொண்டவள். இடுப்பு எலும்பை மாற்றிய பிறகு எழுந்து நடக்கவே இல்லை, ஆனால் படுத்தபடியே எல்லோரையும் கேலி செய்வாள்.

எங்கள் தெருச் சாக்கடைக் குழாய் எங்கள் நிலவறையைவிட உயரத்தில் போகிறது. ஆற்றோரத்து ஊர், அப்படித்தான் அமைந்துவிட்டது. ஆறு வீட்டுக் கழிவும் முதலில் கொதிகலன் அறையில் இருக்கிற தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்து ஒரு பம்ப் அதைத் தெருமட்டத்துக்கு மேலே தூக்கி, வளைத்து, குழாயில் விட வேண்டும். பம்ப் நின்றால் தொட்டி நிரம்பும். தொட்டி நிரம்பினால் கட்டடத்திலேயே மிகத் தாழ்வான ஓட்டை வழியாகக் கழிவு வெளியே வரும். அந்த ஓட்டை தால்கெ குளிக்கிற அறையின் தரையில் இருந்தது. மேலே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. கழிவறையில் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் போகும், அவ்வளவுதான்.

பழைய பம்ப் தேய்ந்துபோனபோது எது வாங்குவது என்று வீட்டுக்காரர்கள் கூட்டம் போட்டோம். மைன்டர்ஸ் வீட்டில், தேநீரோடு. மைன்டர்ஸ்தான் தலைவர், இரண்டாவது மாடி, பெரிய வீடு, அதனால் ஓட்டும் பெரிசு. ரெம்மர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றே பேசினான்.

“ரெண்டு பம்ப் உள்ளதா வாங்குங்க சார். இன்னைக்கு ஒண்ணு ஓடும், நாளைக்கு இன்னொண்ணு ஓடும். ஒண்ணு மாட்டிக்கிட்டா மத்தது எடுத்துக்கும். ஆறு குடும்பமும் இதை நம்பித்தான் இருக்கு, நடுவுல நிறுத்தி வைக்க முடியாது.”

“தனி வீட்டுக்காரன் எல்லாம் ஒண்ணுதானே வச்சிருக்கான்?” என்றார் மைன்டர்ஸ்.

“அவன் வீட்ல பம்ப் நின்னா அவன் இழுக்காம இருப்பான். இங்க ஒருத்தர் இழுக்கறது இன்னொருத்தருக்குத் தெரியாதே. ஒரே பம்ப்தான்னா, உருண்டு வர்ற எதையும் முழுசா விடுற அகலமான வாய் உள்ளதாவது வாங்குங்க. துணி, நூல் சுத்தாத மாதிரி.”

மைன்டர்ஸ் விலைப்பட்டியலை மடித்து வைத்தார். “ஒரே பம்ப் போதும். சுவத்துல ஒரு கைப்பம்ப் மாட்டிடலாம். ஏதாவது ஆச்சுன்னா நீ இருக்கியே. நீதான்ப்பா ரெண்டாவது பம்ப்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? கை தூக்கச் சொன்னபோது தூக்கவும் செய்தேன்.

அன்று முதல் அவன் பெயர் அதுதான். படிக்கட்டில் பார்த்தால் எங்கள் ஊர் வணக்கத்தோடு, “மோய்ன், ரெண்டாவது பம்ப்! இன்னைக்கு ஓடுறியா, ஓய்வா?” அல்மூத் தன் கழிவறை அடைத்தபோது கதவில் ஒட்டிய சீட்டில்கூட அந்தப் பெயரைத்தான் எழுதினாளாம். தால்கெ மட்டும், “நான் கட்டினது முதல் பம்ப்னு நினைச்சேன், ஏமாத்திட்டாங்க” என்று சொல்லிச் சிரிப்பாள். ரெம்மர் தினமும் காலையில் தொட்டி மூடியில் காதை வைத்துக் கேட்பான். நீர் ஏறும்போது மோட்டாரை ஓடவைக்கிற மிதவை தூக்குகிறதா என்று பார்ப்பான். மாதம் ஒருமுறை கைப்பம்பை இருபது தடவை அடித்து அதன் ரப்பர் காயாமல் பார்த்துக்கொள்வான்.

பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் கட்டடத்தார் பரட்டைக்கீரை நடை போவது வழக்கம். கைவண்டியில் சாராயத்தை ஏற்றிக்கொண்டு, மரப்பந்தைச் சாலையில் உருட்டியபடி நாலைந்து மைல் நடப்பார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் கயிற்றில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் தொங்கும். பந்து ஓடைக்குள் விழுந்தால் ஒரு கிண்ணம், விழாவிட்டால் இரண்டு. திரும்பி வந்து கீரையும் தொத்திறைச்சியும் தின்ன வேண்டும். அதிகம் தின்றவர் அந்த வருடத்துக் கீரை ராஜா. அந்தக் கயிறுகளை எல்லாம் கம்பளி நூலில் பின்னிக் கொடுத்தது நான்தான். வீட்டுக்கு ஒரு நிறம். எனக்குச் சாம்பல், அல்மூத்துக்குப் பச்சை, மைன்டர்ஸுக்கு ஆரஞ்சு. ரெம்மருக்கு நீலம். தால்கெ படுத்ததிலிருந்து அவன் நடைக்கு வருவதில்லை. நீலக்கயிறு அவன் சமையலறை ஆணியில் தொங்கியது.

அந்த வருடம் முழங்கால் வலியால் நானும் நடைக்குப் போகவில்லை. மூன்று மணிக்கு அவர்கள் பாடிக்கொண்டு திரும்பி வந்து மைன்டர்ஸ் வீட்டில் உட்கார்ந்தார்கள். முப்பது பேர் இருக்கும், பாதிப்பேர் வெளி ஆட்கள். நான்கு மணிக்குக் கீழே மோட்டார் உறுமியது, பிறகு நின்றுவிட்டது. என் வீடு தரைத்தளம், எனக்குக் கேட்டது. ரெம்மர் படிக்கட்டு அடியில் நின்று கத்தினான்: “பம்ப் மாட்டிக்கிச்சு! யாரும் இழுக்காதீங்க! அரை மணி நேரம் பொறுங்க!”

மேலேயிருந்து ஒருவர் கத்தினார்: “அதான் ரெண்டாவது பம்ப் இருக்கே!”

சிரிப்பு. உடனே தண்ணீர் இழுக்கும் சத்தம். பிறகு இன்னொன்று.

நான் கீழே இறங்கிப் பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கைப்பம்பின் பிடியை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தான். தொட்டியைத் திறந்து அடைப்பை எடுக்க நீர்மட்டம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால்தானே! அவன் ஒரு வாளித் தண்ணீரை ஏற்றினால் மேலேயிருந்து இரண்டு வாளி வந்தது. குளியலறைத் தரை ஓட்டையில் குமிழி வர ஆரம்பித்திருந்தது. தால்கெ கட்டிலில் இருந்தபடியே கூப்பிட்டாள்: “ரெம்மர், கீரை எப்படி இருக்கு? இங்க வரைக்கும் வாசனை வருது!”

அவன் சிரிக்கவில்லை. “கேஷெக்கா, மேல போய் ரெண்டு ஆம்பளைங்களக் கூட்டிட்டு வாங்க. ஒருத்தர் பம்ப் அடிக்கட்டும், ஒருத்தர் கால் பக்கம் பிடிக்கட்டும். இவளை உங்க வீட்டுக்குத் தூக்கிடலாம். நான் கையை எடுத்தா உள்ள வந்துடும்.”

வலிக்கிற முழங்காலோடு இரண்டாவது மாடிவரை ஏறினேன். மேசை நிறைய ஆட்கள். மைன்டர்ஸ் தலையில் காகிதக் கிரீடம். முகம் வெளிறி, சட்டை முன்பக்கம் நனைந்து, ஈரத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் கயிறு இல்லை.

“கீழ தண்ணி வருது, தால்கெயைத் தூக்கணும். ரெண்டு பேர் வாங்க.”

“கீரை ஆறிடும் கேஷெக்கா. சாப்பிட்டு வர்றோம்.”

“சாக்கடை வருது!”

“சாப்பிடற இடத்துல சாக்கடைப் பேச்சு எதுக்கு?” என்றாள் அல்மூத். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. நான் அங்கே நின்றபோதே ஒருவன் கழிவறைக்குப் போய்விட்டு, இழுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

நான் பாதிப் படிக்கட்டில் இறங்கும்போது கீழே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது.

தால்கெ தானாக எழுந்திருக்கிறாள். அவன் கைகள் ஓய்ந்துபோனதைக் கதவு வழியே பார்த்துக்கொண்டே இருந்தாளாம். “நான் வெளிய போயிட்டா நீ பம்பை விட்டுடலாம்” என்று சொல்லியபடி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். தரையில் அதற்குள் கணுக்கால் அளவு வந்துவிட்டது. வழுக்கி அதிலேயே விழுந்தாள். முகம் அந்தத் தண்ணீருக்குள். ரெம்மர் பிடியை விட்டு ஓடினான். அவளை மடியில் போட்டுக்கொண்டு அந்தத் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். வாயைத் தன் சட்டையால் துடைத்துவிட்டுக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் ஆட்கள்தான் அவளைத் தூக்கினார்கள். மேலே அப்போது ராஜாவுக்கு வாழ்த்துப் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஞாயிறு காலை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருக்கையில், ரெம்மர் கைப்பம்பால் நீர்மட்டத்தை இறக்கிவிட்டுத் தொட்டியைத் திறந்தான். நான்தான் விளக்குப் பிடித்தேன். பம்பின் விசிறியில் கம்பளிக் கயிறு இறுகச் சுற்றியிருந்தது. நுனியில் உடைந்த கிண்ணத்தின் அடிப்பாகம். கத்தியால் அறுத்து எடுத்து வாளி நீரில் அலசினான். ஆரஞ்சு நிறம். நான் போட்ட முடிச்சு. கழுத்தில் கயிறோடு கழிவறைக்குள் குனிந்து வாந்தி எடுத்திருக்கிறார், கயிறு நழுவி விழுந்திருக்கிறது, பார்க்காமல் இழுத்துவிட்டிருக்கிறார். இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டுமா?

புதன்கிழமை கூட்டம். ரெம்மர் அந்தக் கயிற்றைத் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே வைத்தான்.

“என் கயிறு வழியில எங்கேயோ விழுந்துடுச்சு. யார் எடுத்தாங்களோ” என்றார் மைன்டர்ஸ். “ஆனா ஒண்ணு. ரெண்டாவது பம்ப் வேணும்னு இங்க யாருக்கு ஆசை இருந்துச்சு?”

நான் மேசையைத் தட்டினேன். “ஆரஞ்சு உங்களோடது. நான் பின்னினது. ரெம்மரோடது நீலம், அவன் ஆணியில சுத்தமாத் தொங்குது. இதை எழுது அல்மூத்.”

அல்மூத்துதான் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள். பேனா ஓடியது. “எழுதிட்டேன் கேஷெக்கா. கையெழுத்துப் போடுங்க.”

நான் என் பெயரை எழுதினேன், ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி.

தால்கெ பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தாள். நுரையீரலில் அந்தத் தண்ணீர் போயிருந்தது. அடக்கம் முடிந்த வாரம் ரெம்மருக்கு ஒரு கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்து என் சமையலறையில் உட்கார்ந்து, நான் கேட்டதால் எனக்குப் படித்துக் காட்டினான். வேலையை விட்டு நீக்கியாகிவிட்டது, மே மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். காரணம், கூட்டக் குறிப்பின்படி, பம்பை அடைத்த கயிறு சம்பவத்துக்குப் பின் காவலாளிடம் இருந்தது, அது இந்தக் கட்டடத்தில் பின்னப்பட்டது என்பதைத் திருமதி கேஷெ உறுதி செய்து கையெழுத்திட்டிருக்கிறார்.

“நான் இதைச் சொல்லல ரெம்மர்.”

“தெரியும்.”

“அப்போ நான் போய்ச் சொல்றேன். மறுபடி எழுதச் சொல்றேன்.”

“யாரை? அல்மூத்தையா?” காகிதத்தை நான்காக மடித்தான். “தேநீர் ஆறுது, குடிங்க.”

போனேன். மைன்டர்ஸ் கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே சொன்னார்: “படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டிருக்கணும்.” எனக்குப் படிக்க வராது என்பது அவருக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

மே மாதக் கடைசி நாள் காலை பத்து மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. புதுப் பம்ப். இரண்டு மோட்டார் உள்ளது. கீழ்வீட்டை நல்ல வாடகைக்கு விட வேண்டும் என்றால் அது வேண்டும் என்று எல்லோரும் ஒரே மனதாகக் கை தூக்கியிருந்தார்கள். நான் மட்டும் தூக்கவில்லை, இனி தூக்கி என்ன, தூக்காமல் என்ன. ரெம்மர் இரண்டு பெட்டியோடு மேலே வந்தவன், பொருத்துகிறவர்களுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“நீங்கதான் இங்க காவலாளா?” என்று கேட்டான் பொருத்துகிறவன்.

படிக்கட்டிலிருந்து மைன்டர்ஸ் குரல் வந்தது: “அது பழைய பம்ப். கழட்டியாச்சு.”

ரெம்மர் அவர் பக்கம் திரும்பவில்லை. பொருத்துகிறவனிடம் சொன்னான்: “மாத்தி மாத்தி ஓடுற மாதிரி வைங்க. ஒண்ணையே ஓட விட்டா மத்தது இறுகிடும், தேவைப்படற அன்னைக்கு எழுந்திருக்காது.”

பொருத்தி முடிக்க மதியம் ஆயிற்று. அதுவரை அவன் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தான். நான் தேநீர் கொடுத்தேன், கற்கண்டு போட்டு, மேலே பாலாடை விட்டு. மூன்று கோப்பை குடித்தான். சட்டைப்பையிலிருந்து நீலக்கயிற்றை எடுத்து என் மேசையில் வைத்தான்.

கீழேயிருந்து பொருத்துகிறவன் கத்தினான்: “சோதிக்கணும்! எல்லாரும் ஒருதடவை இழுங்க! அப்புறம் நான் சொல்ற வரைக்கும் யாரும் இழுக்காதீங்க!”

ஆறு வீட்டிலும் ஒரே சமயத்தில் தண்ணீர் இறங்கியது. பிறகு கட்டடமே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல அமைதி. ஒருவர்கூட இழுக்கவில்லை. அல்மூத் மேலேயிருந்து பணிவாகக் கேட்டாள்: “இப்போ இழுக்கலாமா, சார்?”

ரெம்மர் கதவுப்பிடியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றான். முதல் மோட்டார் ஓடியது, நின்றது. இரண்டாவது ஓடியது.

“ரெண்டும் ஓடுது” என்றான். பெட்டிகளை எடுத்துக்கொண்டான். வெளியே போகும் முன் மிதியடியில் காலை நன்றாகத் துடைத்தான், இரண்டு காலையும், அடியையும் ஓரத்தையும். பிறகு தெருவில் இறங்கி ரயில் நிலையம் இருக்கிற பக்கம் நடந்தான்.