சில்லு இல்லாத விமானத்துக்குத் தேசிக்காய்

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் எம்மன்புரூக்கேயில் நாலாம் வகுப்புப் படிக்கும் என் மகள், வகுப்பில் பேசுவதற்குத் தேர்ந்தெடுத்தது முதலாம் உலகப் போரில் ஜெர்மன்காரர் கட்டிய ஒரு போர் விமானம். தரையில் ஓடிய ஈரிறக்கை விமானத்தின் சில்லுகளைக் கழற்றி, இரண்டு மிதவைகள் பூட்டி, இறக்கைகளைப் பெரிதாக்கிக் கடலில் இறக்கினார்களாம். அவள் அட்டையில் செய்த மாதிரியைக் கொண்டுபோகும் காலையில், புதுக் காருக்குப் பொட்டு வைத்துச் சில்லுக்குக் கீழ் தேசிக்காய் நசித்த பழக்கத்தில், சந்தனமும் தேசிக்காயும் எடுத்து வந்தேன்.

"சில்லே இல்லை, எதுக்குக் கீழ வைக்கப்போறீர்?" என்று கணவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடி வளர்ந்தவள் நான். போர் விமானத்துக்குப் பொட்டு வைக்கலாமா? ஆசிரியை எங்கள் வீட்டைப் பற்றி என்ன நினைப்பார்?

"இதை விட்டிட்டுத் தேனீயைப் பற்றிக் கதையன் பிள்ளை" என்றேன் மகளிடம்.

"இது குண்டு போடேல்லை அம்மா. கடற்கரையில நிண்ட மற்ற மிதவை விமானங்களுக்குக் காவல் நிண்டது."

"மேல வாறது காவலுக்கோ, குண்டு போடவோ எண்டு கீழ நிக்கிறவைக்குத் தெரியுமோ?"

அவள் மாதிரியைக் கையில் எடுத்தாள். "அதையும் வகுப்பில சொல்லட்டோ? அம்மா சொன்னவ எண்டு?"

ஆசிரியை என்ன நினைப்பாரோ என்று மறுபடியும் தோன்றியது. மகளுடைய குளிர் ஜாக்கெட்டைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டு, "ஓம், சொல்லு" என்றேன்.