பொண்ணு வீட்டுக்காரங்க

அந்த ஸ்கூலில் கல்யாணம் ஆகாத டீச்சராக இருப்பதற்கு வாட்ச்மேனாகவே சேர்ந்திருக்கலாம். வாட்ச்மேனுக்காவது வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு. வெளிநாட்டு வேலை, ஸ்கூலே கொடுத்த வீடு என்று சொந்தக்காரர்கள் எல்லாம் வயிறெரிந்த நம் கெமிஸ்ட்ரி டீச்சருக்கு நாலு வருஷமாக அந்த ஒரு நாளும் இல்லை. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸா, பஸ் டியூட்டியா, எவரோ மட்டம் போட்ட வகுப்பா, எல்லாம் அவள் தலையில்தான் கட்டுவார்கள். ஏன் என்று கேட்டால் பதில் ரெடியாக இருக்கும். உனக்கென்ன, குடும்பமா குட்டியா?

ஏனய்யா, குடும்பம் வருவதற்கும் ஒரு சாயங்காலம் வேண்டாமா? அவளுக்கு முப்பத்தாறு வயது. கல்யாண ஆப்பில் பார்த்துப் பேசிப் பழகி, நேரில் பார்க்கலாம் என்று நாள் குறித்த மூன்று தடவையும் கடைசி நிமிஷத்தில் டியூட்டி விழுந்தது. மூன்று பேரும் போன இடம் தெரியவில்லை. நாலாவது ஆள் பொறுமைசாலி. லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியர். முதல் கல்யாணம் இரண்டே வருஷத்தில் முறிந்துபோனதை முதல் நாளே ஒளிக்காமல் சொன்னவர். அவள் வரமுடியாத நாளெல்லாம் முகம் சுளிக்காமல் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார். எட்டு மாதத்தில் அவளுக்கு அவரை மனசாரப் பிடித்துவிட்டது. அவருடைய அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். ஞாயிறு திரும்புகிறார். சனிக்கிழமை நாலு மணிக்கு காபி ஷாப்பில் சந்திப்பது, அம்மாவுக்குச் சரி என்றால் இந்த வருஷமே கல்யாணம் என்று பேச்சு.

லீவு கேட்பதற்கு அந்த ஸ்டாஃப் ரூமில் ஒரு முறை இருந்தது. பிள்ளைக்கு ஜுரம் என்று சொன்னால் போதும், மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். பயாலஜி டீச்சரின் பிள்ளைக்கு மாதம் தவறாமல் ஜுரம் வரும், அதுவும் சரியாக சனிக்கிழமை பார்த்து. அத்தனை ஜுரத்துக்கும் வகுப்பெடுத்தவள் கெமிஸ்ட்ரிதான். பிள்ளை இல்லாதவள் யாருக்கு ஜுரம் என்று சொல்வாள்? பல்வலி என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். உண்மையைச் சொன்னாள். டைம்டேபிள் போடுகிற வைஸ் பிரின்சிபாலிடம் போய், மாப்பிள்ளை, மாமியார், காபி ஷாப்பின் பெயர் உட்பட ஒன்று விடாமல் ஒப்பித்தாள். முதல் கல்யாணக் கதையை ஏற்கெனவே பயாலஜியிடம், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லிச் சொல்லியிருந்தாள். மடத்தனம், வேறென்ன சொல்ல.

லீவு உடனே கிடைத்தது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நாலேகாலுக்கு, அவளும் இன்ஜினியரும் அவர் அம்மாவும் பேச ஆரம்பித்திருந்தபோது, காபி ஷாப் கதவைத் திறந்துகொண்டு வைஸ் வந்தார். பின்னால் அவர் மனைவி, பயாலஜி, பயாலஜியின் வீட்டுக்காரர். அவளுக்கு லீவு என்றதும் வேறு யாரையாவது அனுப்ப வேண்டிய ஸ்பெஷல் கிளாஸை, தானே காபி குடிக்க வரவேண்டி ரத்து செய்திருந்தார் அந்தப் புண்ணியவான். பக்கத்து மேஜை நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, பெரியவர்கள் இல்லாத பெண்ணை அப்படியே விட்டுவிட முடியுமா, நாங்கள்தான் பொண்ணு வீட்டுக்காரங்க என்றார்.

அப்புறம் விசாரணை. சம்பளம் எவ்வளவு, சொந்த வீடா, குடிப்பழக்கம் உண்டா, அம்மா யாரோடு இருப்பார்கள் என்று வைஸ் அட்மிஷன் ஃபாரம் நிரப்புகிற மாதிரி கேட்டுக்கொண்டே போனார். இன்ஜினியர் தலையைக் குனிந்தபடி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். வைஸின் மனைவிக்கு அது போதவில்லை.

“முதல்ல ஒருத்தி விட்டுட்டுப் போயிட்டாளாமே. குறை யார்கிட்ட?”

இன்ஜினியரின் அம்மா முகம் சுண்டிப் போனது. பயாலஜி ஒன்றும் தெரியாதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அதற்கு மேல் முடியவில்லை. இவர்கள் யாரும் என் சொந்தமில்லை, நான் கூப்பிடவுமில்லை என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்து நின்றாள்.

“நாலு பேரும் கிளம்புங்க.”

வைஸ் சிரித்தார். “அடுத்த மாசம் உன் கான்ட்ராக்ட் என் டேபிளுக்குத்தான்மா வரும்.”

“வரட்டும் சார். கிளம்புங்க.”

சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நன்றி கெட்டவள், இதற்குத்தான் இத்தனை வயது வரை தனியாக நிற்கிறாள் என்று வைஸின் மனைவி எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டே போனாள். நாலு பேரும் வெளியே போனபின்தான் டீச்சருக்கு உறைத்தது. வேலை போனது நிச்சயம். வேலை போனால் வீடும் போகும். போகட்டும், இந்தச் சம்பந்தம் நிலைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

“நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கற? நீ பேசினது சரி. இவன் வாயத் திறந்தானா, பாத்தியா?”

அவள் பார்த்திருக்கவில்லை. கோபத்தில் அந்தப் பக்கம் கண்ணே போகவில்லை. இப்போது பார்த்தாள். இன்ஜினியர் சர்க்கரைப் பாக்கெட்டின் ஓரத்தைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

“உன் ஸ்கூல் விஷயம். நான் நடுவுல எதுக்குன்னு...” என்று இழுத்தார்.

“முதல் மருமக போனதும் இப்படித்தான்” என்றார் அம்மா. “நான் கண்டபடி பேசினேன். தப்பு என் பேர்லதான். அவ இவன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நின்னா. இவன் தட்டப் பாத்துக்கிட்டிருந்தான்.”

எட்டு மாதமாகப் பொறுமை என்று எதை நினைத்தாளோ, அது எதிரே உட்கார்ந்து காகிதம் கிழித்துக்கொண்டிருந்தது.

“ஏதாவது சொல்லுங்க” என்றாள்.

அவர் அம்மாவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காலியான கப்பைப் பார்த்தார்.

“இன்னொரு காபி சொல்லட்டுமா?”

“வேண்டாம்” என்று எழுந்தாள்.