மிதிக்கும்போதா, விடும்போதா?

செய்தி ஒரு படமாகக் கைபேசிக்கு வந்தது. கோட்டும் டையும் அணிந்த ஒருவர், அவருக்குப் பின்னால் ஒரு பெரிய அருவி, கீழே ‘கண்ணீர் அஞ்சலி’. யாரோ அமைச்சர் போய்விட்டார், நமக்கென்ன என்று தள்ளிவிட இருந்தேன். அப்போதுதான் டைக்கு மேலே இருந்த மூக்கையும், மூக்கு நுனியில் இருந்த மருவையும் கண்டேன். மருதமுத்து பாஸ். ஸ்டூடியோக்காரர் எவருடைய கழுத்திலோ அவருடைய தலையைப் பொருத்தியிருந்தார். ஒரு வண்டியின் சாமானை இன்னொரு வண்டிக்குப் பூட்டுவதை ஆயுள் முழுக்க வெறுத்த மெக்கானிக்குக்கு இப்படி ஓர் அலங்காரம்.

துக்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் வழியில் இருக்கும் அவருடைய கராஜில் வண்டி விட்ட நீங்கள் எல்லோரும் அன்று என்னைப்போலத்தான் நினைத்திருப்பீர்கள்: இனி நடுவழியில் நின்றால் யாருக்குப் போன் அடிப்பது?

பாஸும் பயந்தவர்தான். தரை பலகைபோல் மட்டமாக இருக்கும் தன் கராஜிலும் சில்லு உருளாதபடி கல் வைக்காமல் வண்டிக்கு அடியில் போகமாட்டார். “தர மட்டமாத்தானே இருக்கு பாஸ்?” என்று ஒருநாள் சீண்டினேன். “தர மட்டம்னு நமக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியணுமே அண்ணே” என்றார். பிறகு அடியில் படுத்தபடியே இன்னொன்றும் சொன்னார்: “பயம் பிரேக்கு மாதிரி. கட்டாயம் இருக்கணும். ஆனா எந்நேரமும் மிதிச்சுக்கிட்டே போகக் கூடாது.”

என் காரைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் கடைசியாகச் சவாரி செய்த வெள்ளைக்கார துரை இறங்கிய கையோடு கப்பலேறிவிட்டார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததே அதனால்தான் என்பது என் ஆராய்ச்சி. போன வருடம் மழைக்கு முன் பாஸ் அதற்குப் புதுக் கிளச் பிளேட்டும் புதுக் கேபிளும் போட்டார். சாவியைக் கையில் தரும்போது சொன்னார்: “அண்ணே, புதுக் கேபிள் கொஞ்சம் இழுபடும். ஒரு கிழமை ஓட்டிட்டுக் கொண்டாங்க, நட்ட ஒருக்காப் பாத்துடுவோம்.”

“கொண்டாராட்டி?”

“கொண்டாராட்டி, வண்டி ஒங்களக் கொண்டாரும்.”

நான் போகவில்லை. வண்டி வெண்ணெயாக ஓடியது. மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், மன்னனாக உலா வந்தேன்.

நான்காவது கிழமை ஒரு பகல். றொசல்லைக்கு மேலே எங்கள் வீட்டில் என் மனைவி பாக்கியத்துக்கு மூச்சிழுப்பு வந்தது. மூச்சுக்கான மருந்துப் பம்பை வாயில் அடித்தும் அடங்கவில்லை. மழையில் கீழ்ப்பக்கம் மண் சரிந்து, அம்புலன்ஸ் அந்தப் பக்கம் மாட்டியிருந்தது. பாக்கியத்தைக் காரில் ஏற்றி மேல்வழியாக டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். இரண்டு வளைவு ஏறியதும் கியர் விழவில்லை. மிதிக்க மிதிக்க, பெட்டிக்குள் நூறு பேர் கருங்கல் உடைத்தார்கள். ஏற்றத்தில் நிறுத்தினேன். இடப்பக்கம் பள்ளம், அதன் அடி பாதாளம் என்று அன்று கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். பின்னால் ஒரு வாகனமும் இல்லை.

பாஸுக்குப் போன் அடித்தேன். “பாஸ், கிளச் புடிக்கல.”

“புடிக்கலயா? அப்ப கேபிள் இறுகியிருக்கு. அந்த நட்ட ரெண்டு சுத்துத் தளத்துங்க.”

இந்த இடத்தில்தான் நம் பேச்சு நம்மைக் கவிழ்த்தது. காலால் மிதிப்பதையும் ‘கிளச் புடி’ என்கிறோம். காலை எடுத்தபின் பிளேட் கவ்வுவதையும் ‘கிளச் புடிக்குது’ என்கிறோம். மிதித்தாலும் விலகவில்லை என்று நான் சொன்னேன். விட்டாலும் கவ்வவில்லை என்று அவர் கேட்டார். அவர் கேட்ட நோய்க்குத் தளர்த்த வேண்டும். எனக்கிருந்த நோய்க்கு இறுக்க வேண்டும்.

அவர் இரண்டு சுற்று என்றார். பயத்தில் நான் எத்தனை சுற்றுச் சுற்றினேனோ, நட்டு ஈரக் கையிலிருந்து நழுவித் தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டது.

“என்னங்க... என்னமோ... விழுந்துச்சே?”

“ஒண்ணுமில்ல பாக்கியம். சும்மா கல்லு.”

“பொய்யி... ஒங்க காது... செவந்திருக்கு.”

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மலை ஏறி இறங்கினாள். உதடு கறுத்துவந்தது. பாஸுக்கு மறுபடியும் அடித்தேன்.

“பாஸ், இப்ப மிதிச்சா ஆகாயத்த மிதிக்கிற மாதிரி இருக்கு. நட்டும் போச்சு.”

பாஸ் மெதுவாகக் கேட்டார்: “அண்ணே, மொதல்ல புடிக்கலன்னீங்களே. மிதிக்கும்போதா, விடும்போதா?”

“மிதிக்கும்போது.”

“தப்பு என்னோடது. கேக்காமச் சொல்லிட்டேன். அண்ணி எப்படி இருக்காங்க?”

“பேச முடியல பாஸ்.”

“சரி. எஞ்சின அணைங்க. ஒண்ணாங் கியரப் போடுங்க. கிளச்ச மறந்துடுங்க. சாவியத் திருப்புங்க, குதிச்சுக்கிட்டுக் கெளம்பும். எங்கயும் நிக்காதீங்க. நீங்க இங்கிட்டு வாங்க, நான் ஓட்டோவில அங்கிட்டு வாறேன். எங்கினயாச்சும் சந்திப்போம்.”

“பயமா இருக்கு பாஸ்.”

“எனக்குந்தான். ஓட்டுங்க.”

வண்டி ஆட்டுக்குட்டிபோலக் குதித்துக் கிளம்பியது. ஒன்றாம் கியரில் அந்தத் தூரத்தைக் கடக்க எனக்கு மூன்று ஜென்மம் பிடித்தது. மூடுபனியில் வளைவு தெரியவில்லை. ரோட்டில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். பாக்கியத்தின் மூச்சு கேட்கும்போது பயமாக இருந்தது. கேட்காதபோது அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு வளைவில் பனிக்குள் சிவப்பாக ஏதோ ஆடியது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓட்டோவுக்கு முன்னால் நடுரோட்டில் நின்று பாஸ் ஒரு சிவப்புத் துணியை வீசிக்கொண்டிருந்தார். “சாவிய அணைங்க, பிரேக்க மிதிங்க” என்று கத்தினார். வண்டி அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் செத்து நின்றது. அவர் விலகவில்லை. முதல் வேலையாகச் சில்லுக்குக் கல் வைத்துவிட்டுத்தான் பாக்கியத்தை ஓட்டோவுக்குத் தூக்கிப் போக வந்தார்.

இன்னும் கால் மணி பிந்தியிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். பின்னேரம் பாஸ் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“மன்னிச்சுக்குங்க அண்ணி. அண்ணன் சொன்னத நான் என் பாட்டுக்கு வெளங்கிக்கிட்டேன்.”

பாக்கியம் முகத்திலிருந்த ஒக்சிஜன் மூடியைத் தூக்கினாள். “இவரு பேசுறது முப்பது வருசமா எனக்கே வெளங்கல பாஸ். ஒங்களுக்கு எப்படி வெளங்கும்?”

அவர் சிரிக்கவில்லை. கேபிளை ஒரு கிழமையில் கொண்டுவராத என் குற்றத்தை அன்றும் சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு அவருடைய கராஜுக்குப் போனவர்களுக்குத் தெரியும். “கிளச் புடிக்கல” என்றதும் கையை உயர்த்துவார்: “அந்தச் சொல்லு இங்க வேணாம். மிதிக்கும்போதா, விடும்போதா?” கிழவனுக்குக் கிறுக்கு என்று உங்களில் சிலர் முணுமுணுத்தீர்கள். நானும் பக்கத்தில் நின்று, ஒன்றும் தெரியாதவன்போல் தலையாட்டியிருக்கிறேன். அந்தக் கேள்வி பிறந்த கதை இதுதான். இதை யாருக்கும் சொல்லாததற்கு என்னையும் மன்னிக்க வேண்டும்.

பாஸை அடக்கம் செய்த ஐந்தாம் நாள் காலை பாக்கியத்துக்கு மறுபடியும் மூச்சு முட்டியது. என் கை கால் கழன்று தனித்தனியாக ஓடப் பார்த்தன. “மூச்சு வரல, மூச்சு வரல” என்று தெருவுக்கே கேட்கக் கத்தத்தான் வாயெடுத்தேன். கத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: “பாக்கியம், உள்ள இழுக்கும்போதா, விடும்போதா?”

“விடும்போது” என்று கையால் காட்டினாள். தொலைபேசியில் டாக்டரிடம் அதை அப்படியே சொன்னேன். என்ன செய்ய வேண்டும் என்று அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேட்டு, பிறகுதான் செய்தேன். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது.

பாஸிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு கேள்வி. பயத்தை அது போக்குவதில்லை. நடுங்கிக்கொண்டுதான் கேட்டேன், அவரும் அப்படித்தான் கேட்டிருப்பார்.