கீரைக்கு விலையில்லை

ரப்பர் விலை விழுந்து கிடந்த காலத்தில் நான் பினாங்கில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக நாளாகவில்லை. ரப்பர் தோட்டத்துக் கூலிக் குடும்பம் ஒன்று மாதத்தைக் கழிக்க என்ன செலவாகிறது என்று விசாரித்துவரும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, கருவாடு, துணி எல்லாம் என்ன விலை, எவ்வளவு வாங்குகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கூலியை நிர்ணயிப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். நல்ல காரியத்துக்குப் போகிறேன் என்றே நினைத்தேன்.

படகில் அக்கரை போய், பிறை ஸ்டேஷனில் ரயிலேறித் தாசேக் கெலுகோரில் இறங்கினால் தோட்டத்துக்கு மண்சாலையில் நடக்க வேண்டும். கூலிக்காரர்களின் வரிசைவீடுகளான லயத்தில் பலர் என்னைக் கண்டதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு வீட்டுக்காரி மட்டும் முக்காலியைத் துடைத்துப் போட்டாள். அவளும் புருஷனும் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள். வேலை முடிந்து வந்து, கைகூடக் கழுவாமல் எனக்குப் பதில் சொன்னாள். ரப்பர்பால் அவள் விரல்களில் காய்ந்திருந்தது.

"கீரை, காய்கறிக்கு எவ்வளவு செலவழிக்கிறனீங்கள்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அதுக்கு ஏன் காசு குடுக்கணும் கிராணி ஐயா? பின்னால வந்து பாருங்க."

லயத்துக்குப் பின்னால் முருங்கையும் பசளைக்கீரையும் மரவள்ளியும் செழித்திருந்தன. கோழிகள் மேய்ந்தன. விடியுமுன் எழுந்து அவளே தண்ணீர் சுமந்து ஊற்றுவாளாம். அரிசி மலிவாகும்போது கூடுதலாக வாங்கி வைப்பாளாம். புருஷனைக் கள்ளுக்கடைப் பக்கம் விடுவதில்லையாம். மிச்சம் பிடித்து நாகப்பட்டினத்துப் பக்கம் ஊரிலிருக்கும் மாமியாருக்கு மாதாமாதம் மணியார்டர் அனுப்புவதைச் சொல்லும்போது அவள் குரல் சற்று உயர்ந்தது. புருஷன் வாசலில் உட்கார்ந்து பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

கந்தோரில் துரை என் கணக்கைப் பார்த்து மகிழ்ந்தார். அவள் வீட்டுச் செலவு மற்ற வீடுகளைவிடக் குறைவு. இவ்வளவில் கண்ணியமாக வாழ முடிகிறதென்றால் எல்லோரும் வாழலாமே என்றார். கீரையையும் முட்டையையும் கடைவிலைக்குச் சேர்க்க வேண்டாமா, அவள் உழைப்பும் செலவுதானே என்று கேட்டேன். காசு கைமாறாததைச் சேர்க்க முடியாது என்றார். மணியார்டரையும் அவரே கணக்கிலிருந்து அடித்தார். அது பிழைப்புக்கான செலவல்லவாம். சாமான்கள் முன்னைவிட மலிந்திருந்ததால் மொத்தம் இன்னும் இறங்கியது. சில வாரங்களில் தோட்டங்களில் கூலியைக் குறைத்தார்கள். என் கணக்கு இல்லாவிட்டாலும் குறைத்திருப்பார்கள் என்று பெரிய கிராணியார் என்னைத் தேற்றினார். இருக்கலாம்.

மறுபடி அந்தக் குடும்பத்தைப் பினாங்குத் துறைமுகத்தில் கண்டேன். அரசாங்கச் செலவில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறவர்களின் வரிசையில் நின்றார்கள். குறைந்த கூலியிலும் சில மாதம் இழுத்துப் பிடித்திருக்கிறார்கள். பிறகு புருஷனுக்குக் காய்ச்சல் கண்டு வேலை நின்றுவிட்டது. அவன் தகரப்பெட்டிமேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள்தான் அடையாளம் கண்டு, "சாப்டீங்களா ஐயா?" என்று விசாரித்தாள். கையில் பணம் இருக்கிறதா என்று கேட்டேன். மணியார்டர் நின்றதிலிருந்து மாமியாரிடமிருந்து கடுதாசி வரவில்லை என்றாள். உயிரோடு இருக்கிறாளோ என்னவோ, தெரியவில்லையாம்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "ஊர்ல இப்ப அரிசி என்ன விலை ஐயா? நீங்க வெலவாசி பாக்குறவங்கதானே" என்றாள்.

தாசேக் கெலுகோரில் என்ன விலை, பட்டர்வொர்த்தில் என்ன விலை என்று எனக்கு மனப்பாடம். நாகப்பட்டினத்து விலை தெரியாது. தெரியாது என்றேன்.

"பரவால்ல ஐயா. போய்ப் பாத்துக்கிறோம்," என்று பெட்டியின் ஒரு பக்கத்தைத் தூக்கினாள். மறுபக்கத்தைப் புருஷனால் தூக்க முடியவில்லை. நான் பிடித்துக்கொண்டு படகுத்துறைவரை போனேன். அதற்குமேல் காவல்காரர்கள் என்னை விடவில்லை.

ரப்பர் விலை ஏறியபோது கூலியையும் கொஞ்சம் உயர்த்தினார்கள். புதிய ஆட்கள் வந்தார்கள். விசாரிக்க என்னையே மீண்டும் அனுப்பினார்கள். அந்த லயத்தில் அவள் இருந்த வீட்டில் வேறொரு குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரி எந்தக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.