ஒன்றரை அடி உள்ளே வந்த சுவர்

என் கணவருக்குக் கோபம் வராது. இதைச் சொன்னால் கேட்கிற பெண்கள் எல்லோரும், "கொடுத்து வெச்சவ நீ" என்கிறார்கள். ஒரு வாரம் இந்த வீட்டில் வந்து இருந்து பார்த்தால் தெரியும். கோபம் வராத மனிதரோடு குடும்பம் நடத்துவதென்றால், அவருக்கு வரவேண்டிய கோபத்தையும் சேர்த்து நானே பட்டாக வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருக்காரே, வாயில என்ன இருக்கு?" என்று என் அம்மா சமையலறையில் என் காதைக் கடித்தாள். வாயில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் விழுங்கியிருந்தார்.

அவர் மரவேலை செய்கிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே பட்டறையில் அலமாரியும் கட்டிலும் செய்துகொண்டிருந்தார். இன்னொருத்தன் செய்த அலமாரியில் கதவு கோணினால் முதலாளி இவரைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார். இவரும் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார். "நான் செய்யலைன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றால், "யார் செஞ்சா என்ன, கதவு கோணித்தானே இருக்கு" என்பார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

சொந்தமாக ஒரு பட்டறை வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டதே எனக்கு ஆச்சரியம்தான். வீட்டின் பின்னால் நீளமாக, ரயில் பெட்டி போல ஒரு காலி இடம் கிடந்தது. அதன் ஒரு முனை ஒரு சந்தில் போய் முடிந்தது. அங்கே பெரிய பட்டறை கட்டி, நடுவில் ஒரு குறுக்குச் சுவர் எழுப்புவது என்று முடிவாயிற்று. சந்துப் பக்கத்து அறையில் மரம் அறுப்பது, மறுபக்கத்து அறையில் பாலிஷ் போடுவது. தூசி அந்தப் பக்கம் போகவே கூடாது என்பதால் குறுக்குச் சுவரில் கதவு கிடையாது. இரண்டு அறைக்கும் தனித்தனி வாசல்.

வெளியாள் யாரும் வேண்டாம், நாமே கட்டிக்கொள்வோம் என்றோம். என் தம்பி வெல்டர். கூரைக்கு இரும்புச் சட்டம் அடித்து ஷீட் போடுவது அவன் பொறுப்பு. நான் செங்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினேன், கலவை சுமந்தேன், நடுநடுவே டீ போட்டேன். சுவர் எழுப்ப என் அப்பா வந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் பாதி வீட்டுச் சுவர் அவர் கை பட்டது. தன்னோடு வேலை செய்கிறவன் நூல் பிசகிக் கல் வைத்தால் அந்த இடத்திலேயே காலால் எத்திவிட்டு, "மறுபடியும் வை" என்பார். போன வருடம் ஒரு காண்ட்ராக்டர், "உங்களுக்குக் கை ஓடலைங்க, வீட்ல ஓய்வா இருங்க" என்று அனுப்பிவிட்டான். அன்றைக்குப் படுத்தவர்தான். சாப்பிடக்கூட யாராவது எழுப்ப வேண்டியிருந்தது. எங்கள் பட்டறை விஷயம் காதில் விழுந்ததும் மறுநாள் காலையிலேயே தூக்குக்குண்டும் கொத்துக்கரண்டியுமாக வாசலில் வந்து நின்றார். கூலி என்ற பேச்சை எடுத்ததும், "மக வீட்ல கூலியா?" என்று முறைத்தார்.

கோளாறு தொடங்கியது அங்கேதான். அறுக்கும் அறை பதினெட்டு அடி நீளம் என்று என் கணவர் சொன்னார். அப்பா தலையாட்டினார். மரவேலைக்காரருக்கு அளவு என்றால் உள்ளளவு. பெட்டிக்குள் என்ன கொள்ளும் என்பதுதான் அவர் கவலை. கொத்தனாருக்கு அளவு என்றால் வெளியளவு. அவர் நூல் கட்டுவது சுவரின் வெளி முகத்தில். இரண்டு பேரும் அவரவர் தொழிலில் புலிகள். உள்ளளவா, வெளியளவா என்று ஒரு நாளும் யாரையும் கேட்க வேண்டியிருந்ததில்லை. அதனால் இப்போதும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் ஒன்பது இஞ்ச் சுவர், ஆக ஒன்றரை அடியைச் சுவரே தின்றுவிட்டது.

ஒன்றரை அடிதானே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கணவர் பென்சிலால் தரையில் போட்டுக் காட்டினார். பிளைவுட் எட்டு அடி. அறுக்கும் மெஷினின் பிளேடுக்கு இந்தப் பக்கம் எட்டு அடி, அறுபட்டு வெளியே வர அந்தப் பக்கம் எட்டு அடி. மிச்சம் இருப்பது அவர் நின்று தள்ளுவதற்கான இடம். இப்போது பலகைக்கு இடம் இருந்தது, மனிதனுக்கு இல்லை.

இது அவருக்குத் தெரியவந்தது குறுக்குச் சுவர் மூன்றாவது வரிசையில் இருக்கும்போது. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து டேப்பை வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, "அருமையா வந்திருக்கு மாமா" என்றார். எனக்கு அந்தக் குரல் தெரியும். அப்பா போன பிறகு பிடித்துக்கொண்டேன்.

"கலவை இன்னும் ஈரமா இருக்கு. இப்பவே சொல்லிட்டா பிரிச்சிடுவாரே."

"எப்படிச் சொல்றது? மூட்டு வலியோட வந்து கட்டுறாரு."

"அதுக்காக?"

"கூலி வாங்குற ஆளா இருந்தா இடிச்சுக் கட்டுங்கன்னு சொல்லலாம். சும்மா செஞ்சு கொடுக்கிறவர்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? நீயும் வாயைத் திறக்காதே."

தம்பியிடம் சொன்னேன். அவனும் அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "நீ சொல்லுக்கா. பொண்ணு சொன்னா அவருக்குக் கோபம் வராது." "நீ சொல்லுடா. தொழில்காரன் சொன்னாத்தான் எடுபடும்." இப்படியே பந்தை உருட்டிக்கொண்டிருந்தோம். ஊர் உலகத்தையே வாயால் வெளுத்து வாங்குகிறவள் நான். ஆனால் வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தட்டி வைக்கிற அந்த மனிதரைப் பார்த்தால் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது. திரும்பவும் படுத்துவிடுவாரோ என்று பயம். அந்தப் பயம்கூட என் கணவர்மேல் எரிச்சலாகத்தான் வெளியே வந்தது.

சுவர் வளர்ந்தது. அப்பா வரவர மெதுவாகக் கட்டினார். ஒரு கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நிற்பார். வயசாயிற்று, கை ஓடவில்லை என்று நாங்கள் ஆளுக்கொரு டீ கொடுத்தோம்.

இதற்கு முன்பே, சுவர் இடுப்பு உயரத்துக்கு வரும்போதே, என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சந்துப் பக்கச் சுவரில் மெஷின் மேசை உயரத்துக்கு நீளமாக ஓர் ஓட்டை விட்டால், பலகையின் நுனி வெளியே போய்விடும், இவர் நிற்க இங்கே இடம் கிடைக்கும். அப்பாவிடம் போய்க் கேட்டார்.

"எதுக்கு மாப்பிள்ளை?"

"காத்துக்கு மாமா."

"காத்துக்கு இடுப்பு உயரத்துலயா? நாலடி நீளத்துல, நாலு விரல் உயரத்துலயா?"

"ஆமா மாமா. காத்து அங்கதான் நல்லா வருது."

அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "சரி" என்று சொல்லி, சட்டம் வைத்தது போல ஓட்டையை விட்டுக் கட்டிக் கொடுத்தார்.

கூரை ஏறியது. பூச்சு முடிந்தது. இவர் முதலாளியிடம் சொல்லிவிட்டு வேலையை விட்டார். இவர் இடத்தில் மறுநாளே வேறு ஆள் வந்தாயிற்று, திரும்பிப் போக வழி கிடையாது. இனி இந்தப் பட்டறையில் பலகை அறுபட்டால்தான் எங்கள் வீட்டில் அடுப்பெரியும்.

மெஷின் வந்த அன்று எல்லோரும் கூடினோம். என் வேலை சந்தில் நின்று ஆள் வராமல் பார்த்துக்கொள்வது. இப்படி ஓர் உத்தியோகம் உலகத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டுக்கொண்டே நின்றேன். உள்ளே மெஷின் ஓடியது. ஓட்டை வழியாகப் பலகை பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது. நான் இந்தப் பக்கம் வந்த சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து வந்த பக்கத்து வீட்டம்மாவின் பையில் பலகை இடித்து, வாங்கிவந்த சாமான் எல்லாம் தரையில் சிதறியது. "இது ரோடா, உங்க வீட்டு மேசையா?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மன்னிப்புக் கேட்டு, பொறுக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

சந்தில் சத்தம் கேட்டதும் என் கணவர் பலகையை உள்ளே இழுத்துக்கொண்டு, குறுக்குச் சுவரோடு முதுகை ஒட்டி, வயிற்றை எக்கிக்கொண்டு, மூச்சு விடாமல் நின்றிருந்தார். மெஷின் நின்றுவிட்டிருந்தது. அப்பா எதிரே நின்று அவரையே பார்த்தார்.

"மாப்பிள்ளை, இடம் பத்துதா?"

"தாராளமா இருக்கு மாமா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"இதுக்கு மேல என்ன வேணும் மாமா."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. செருப்பை மாட்டிக்கொண்டு, சாப்பிடக்கூட நிற்காமல் போய்விட்டார். பாலிஷ் அறையில் தரை பாதியில் நின்றது. மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. பட்டறையில் ஒரு பலகையும் அறுபடவில்லை. நான் கிளம்பிப் போனேன். பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"அப்பா, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப ஏன் வரலை?"

"ஓட்டை கேட்டாரே, அன்னிக்கே நீங்க எல்லாரும் போனப்புறம் அளந்து பாத்தேன்மா. ஒன்றரை அடி என்மேல தப்பு. அவரு எப்படியும் அளந்திருப்பாரு. இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு ஒவ்வொரு கல்லா மெதுவா வெச்சேன். நீ டீ கொண்டு வந்து கொடுத்தே."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூடவே கோபமும் வந்தது. "தெரிஞ்சா நீங்களே சொல்லியிருக்கலாமே."

"நீங்க மூணு பேரும் சேர்ந்து மூடி மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சப்புறம் நான் எப்படிம்மா சொல்றது?" விரலால் சுவரைத் தட்டினார். "அந்தக் காண்ட்ராக்டர் என் மூஞ்சிக்கு நேரா, உங்களுக்குக் கை ஓடலைன்னு சொன்னான். என்னை ஒரு வேலைக்காரனா மதிச்சுச் சொன்னான். நீங்க கொழந்தைக்குக் காட்டுற மாதிரி கைதட்டிட்டுப் போயிட்டீங்க."

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் என் கணவர் தலையில் கொட்டினேன். அந்த மெஷினை விடச் சத்தமாகக் கத்தினேன் என்று தம்பி பிறகு சொன்னான். அவர் வழக்கம்போல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

அப்பா வீட்டு வாசலில், உள்ளேகூடப் போகாமல் நின்று சொன்னார்.

"மாமா, சுவர் தப்பு."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "எவ்வளவு?"

"ஒன்றரை அடி. நான் நிக்க இடமில்லை. பொழைப்பு நடக்காது." அவருக்கு வியர்த்துக் கொட்டியது. "வந்து இடிச்சுக் கட்டிக் கொடுங்க."

"எப்பத் தெரியும்?"

"மூணாவது வரிசையில."

"அன்னிக்குச் சொல்லியிருந்தா கையாலயே பிரிச்சுப் போட்டிருப்பேன்" என்று அப்பா சத்தம் போட்டார். "இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க? இப்பக் கல்லா இறுகியிருக்கும். தொழில்காரனா நீங்க?" திட்டிக்கொண்டே சட்டையைத் தேடினார்.

இறுகித்தான் இருந்தது. தப்பான இடத்தில் கட்டினாலும் அப்பா நன்றாகக் கட்டியிருந்தார். தம்பி உளியை வைத்து அடித்து அலுத்துப்போனான். அப்பாவால் சம்மட்டியைத் தூக்க முடியவில்லை. ஒரு தரம் முயன்று பார்த்துவிட்டு, மருமகன் கையில் கொடுத்தார். புதுச் சுவருக்கு இறக்கியிருந்த செங்கல் அடுக்கின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

என் கணவர் அடித்தார். அடித்தார் என்று சொல்வதற்கில்லை, தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் அப்பா முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பூச்சு மட்டும் கொஞ்சம் உதிர்ந்தது. சுவர் அசையவில்லை. எனக்கு அந்தச் சம்மட்டியைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. அப்பா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஓங்கி அடிங்க மாப்பிள்ளை" என்றார். "மரியாதை பாக்காதீங்க."