தம்பியின் இரண்டு கிலோ

ஒரு வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்செல்லாம் தம்பியின் எடைதான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்கு எட்டு. எண்பதுகளின் ஆரம்பம். சிம்பாங் பூலாய் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம்.

தம்பி ஓடுவான். எல்லாப் பிள்ளைகளும் ஓடும், பிறகு நிற்கும். இவன் நிற்க மாட்டான். வகுப்பில் உட்கார வைத்தால் ஜன்னல் வழியாகப் போய்விடுவான். ரப்பர் பால் ஏற்றும் லோரிக்கு முன்னால் ஒரு தடவை பாய்ந்தான். தண்ணீர் டாங்கியின் மேல் ஒரு தடவை ஏறினான். டாங்கியிலிருந்து அவனை இறக்கிய அன்று தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் தன்னால் பதில் சொல்ல முடியாது, ஈப்போவுக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள், இல்லையென்றால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார்.

அப்பா லோரி ஓட்டினார். வாரத்தில் ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார். அதனால் மாமா கூட வந்தார். அம்மாவின் தம்பி. என்னையும் கூட்டிப்போனார்கள். தம்பியின் ஒரு கையை அம்மா பிடித்தால் இன்னொரு கைக்கு ஆள் வேண்டும்.

ஆஸ்பத்திரியில் சீன லேடி டாக்டர். அவர் எதையும் கேட்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவன் குழாயைத் திறந்தான், மேசை டிராயரை இழுத்தான், கட்டிலுக்கு அடியில் போய் மறுபக்கம் வந்தான். டாக்டர் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் சொன்னார். அங்கே இருந்த நர்ஸ் தமிழச்சி. நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். அவர் அம்மாவுக்கு விளக்கினார். வெளியே வந்ததும் மாமா மறுபடி விளக்கினார்.

"மூள முன்னாடி ஓடுதாம் அக்கா. காலு அதப் பிடிக்க ஓடுதாம்."

இன்றுவரைக்கும் எனக்கு அந்த விளக்கம் போதும்.

சின்ன வெள்ளை மாத்திரை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. கொடுப்பதற்கு முன் அவனை எடை போட்டார்கள். இருபத்திரண்டு கிலோ. அவன் இறங்கியதும் நான் ஏறினேன். முள் இருபத்து நான்கில் நின்றது.

"எறங்கு பாப்பா. இது என்ன ஊஞ்சலா?" என்றார் மிஸ்ஸி.

மாத்திரை வேலை செய்தது. மூன்றாவது வாரம் தம்பி உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதினான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தாளை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

ஆனால் சோறு நின்றுபோனது. தட்டைப் பார்ப்பான், வேண்டாம் என்பான். அடித்தால் வாயில் வைத்துக்கொள்வான், விழுங்க மாட்டான். கன்னம் ஒட்டியது. கால்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டினோம். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் காதில் விழும்படியே சொன்னார்.

"நல்லா இருந்த புள்ளய மாத்திர குடுத்து உருக்குறாளே."

அம்மா அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்தினார்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது இருபதரை. டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். அடுத்த தடவையும் இறங்கினால் மாத்திரையை நிறுத்திவிடுவேன் என்றார். மாத்திரை நின்றால் பள்ளிக்கூடம் நிற்கும். பள்ளிக்கூடம் நின்றால் டாங்கி இருக்கிறது, லோரி இருக்கிறது. அம்மா விடிவதற்கு முன் ரப்பர் பால் வெட்டக் காட்டுக்குப் போகிறவர். பகலில் அவனைக் கட்டிப்போடவா முடியும்?

மாமாதான் வழி சொன்னார்.

மாமாவுக்குத் தோட்டத்து ஸ்டோரில் வேலை. எல்லாரும் வெட்டிக் கொண்டுவரும் ரப்பர் பாலை நிறுப்பது அவர்தான். பாலில் சிலர் தண்ணீர் கலந்துவிடுவார்கள், எடை கூடும். ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலில் மிதக்கவிட்டு அதைக் கண்டுபிடிப்பதும் அவர்தான். அதற்காகப் பலரோடு சண்டை போட்டிருக்கிறார். ஆற்றுத் தண்ணியா, மழைத் தண்ணியா என்றுகூடச் சொல்வார் என்று பெயர்.

"எட போடுறதுதான அக்கா? அது என் வேல. நீ சும்மா வா லா."

அடுத்த தடவை சோயா சாஸ் வரும் கிச்சாப் பாட்டில்கள் இரண்டைக் கழுவித் தண்ணீர் நிரப்பி எடுத்து வந்தார். பஸ்ஸில் ஒன்று. ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று. தம்பி மாத்திரை போட்டிருந்ததால் சொன்னபடி குடித்தான். மாமா அவன் காதில் ஏதோ சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்தோம். அன்றைக்கு என்று பார்த்துக் கூட்டம். தம்பி முதலில் காலை ஆட்டினான். பிறகு ஆட்டுவதை நிறுத்தினான். பிறகு முட்டியை இறுக்கிக்கொண்டு சுவரையே பார்த்தான்.

"அடக்குடா. ஆம்பளதான நீ" என்றார் மாமா.

எடை போட்டார்கள். இருபத்தொன்று. அம்மா மூச்சு விட்டார். மிஸ்ஸி எழுதப் போனார். தம்பி இயந்திரத்தைவிட்டு இறங்காமல் கேட்டான்.

"மிஸ்ஸி, இப்ப ஒண்ணுக்குப் போலாமா? எட போட்ட பெறகுதான் போவணும்னு மாமா சொன்னாரு."

மிஸ்ஸி எழுதவில்லை. அவனைக் கக்கூசுக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் உட்கார வைத்து, மூன்று முறை அனுப்பினார். மறுபடி எடை போட்டார். இருபது. பிறகு மாமாவைப் பார்த்தார்.

"என்ன வேல செய்றீங்க?"

"தோட்டத்துல, ஸ்டோர்ல. பால் நிறுக்கிறேன்."

"தெரியுது" என்றார் மிஸ்ஸி.

மாமா வெளியே போய் நின்றுகொண்டார்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. காலையில் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார். எங்களுக்குக் காலை என்றால் ஐந்து மணி. பெரட்டுக்கு ஆள் கணக்கெடுப்பதற்கு முன் அம்மா களத்தில் நிற்க வேண்டும். தூங்குகிறவனை எழுப்பி, மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டுப் போவார். அவன் தட்டின் முன்னால் உட்கார ஆறரை ஆகிவிடும். அதற்குள் மருந்து பசியைக் கட்டிப்போட்டிருக்கும். அது இறங்கிப் பசி வரும்போது வகுப்பில் இருப்பான். மத்தியானமும் அப்படியே. அம்மா காட்டிலிருந்து வந்து கை கழுவியதும் முதலில் மாத்திரை, பிறகுதான் சோறு. மருந்து என்பதால் அதை முதலில் வைத்தார்.

மிஸ்ஸி நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சோறு முன்னாடிம்மா, மாத்திர பின்னாடி. பசி அடங்குறதுக்குள்ள வயித்துக்குள்ள அனுப்பிடணும். சாயங்காலம் மருந்து எறங்குனா அவனே வந்து கேப்பான். அப்ப சமையல் ஆவலன்னு சொல்லாதீங்க. முட்ட, மீனு, கச்சாங் கடல, பாலு. கொஞ்சம் கொஞ்சமா, பல தடவ. அடிக்காதீங்க."

"ஆறரைக்கு நான் காட்டுல இருப்பேனே மிஸ்ஸி."

மிஸ்ஸி டாக்டரைப் பார்த்தார். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

டாக்டர் இரண்டு மாதம் தவணை கொடுத்தார். மாத்திரையை அம்மா ஒரு தைலடப்பாவில் போட்டு எப்போதும் இடுப்பில் முடிந்திருப்பார். திரும்பும் பஸ்ஸில் அதை அவிழ்த்து என் கையில் வைத்தார். தகரம் சூடாக இருந்தது. எனக்கு யாரும் அதற்கு முன் எதையும் நம்பிக் கொடுத்ததில்லை.

அம்மா விடியுமுன்னே சமைத்து இரண்டு தட்டு மூடி வைப்பார். ஆளுக்கொரு முட்டை. முதல் நாள் தம்பி தன் தட்டைத் தொடவில்லை. மாத்திரை போடாமலேயே தொடவில்லை. சாப்பாடு என்றாலே அவனுக்குச் சண்டை என்று ஆகிப்போயிருந்தது. நான் என் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் முட்டையை எடுத்தது.

"டேய், அது என்னோடது!"

"இப்ப என்னோடது" என்று வாயில் போட்டான்.

திருடினால் தின்கிறான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு தினமும் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு உட்காருவேன். தொடாதே, அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்று சத்தம் போடுவேன். எவ்வளவு சத்தம் போடுகிறேனோ அவ்வளவு தின்பான். என்னுடையதை முடித்தபின் பசி திறந்துகொண்டு தன்னுடையதையும் தின்பான். பிறகு மாத்திரை. பிறகு பள்ளிக்கூடம். மத்தியானமும் அதே விளையாட்டு. அம்மா களைத்துப் படுத்திருப்பார். சாயங்காலம் மீன் இருந்தால் மீன். நான் தேத்தண்ணி குடித்தேன். அதில் பிஸ்கட்டை நனைத்தேன். குழம்புச்சட்டியில் ஒட்டியிருந்ததில் சோற்றைப் பிரட்டித் தின்றேன். பெரிய பசியெல்லாம் இல்லை. எனக்கு வேலை இருந்தது.

"தட்டு காலியா?" என்று அம்மா கேட்பார்.

"ரெண்டும் காலி" என்பேன். பொய் இல்லை.

மாமாவுக்கு அவமானம் போகவில்லை. இரண்டு கோழி வாங்கிக் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பின்னால் விட்டார். "தண்ணி வேலைக்கு ஆவல, முட்டைய வச்சுப் பாப்போம்" என்றார். ஸ்டோரில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத் தம்பியைச் சாக்கில் உட்கார வைத்து, ரப்பர் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டுப் பார்ப்பார். முள் ஏறியிருந்தால் சாக்கைச் சுற்றிவிடுவார். தம்பி கத்திச் சிரிப்பான். என்னைத் தொங்கவிடவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் முடிந்து ஈப்போவுக்குப் போனோம். மாமா வரவில்லை. மிஸ்ஸி முகத்தில் முழிக்க மாட்டேன் என்றுவிட்டார். தம்பி ஏறி நின்றான். மிஸ்ஸி முதலில் கேட்டார், "ஒண்ணுக்குப் போய்ட்டு வந்தியா?" அவன் போய்விட்டு வந்தேன் என்றான்.

இருபத்திரண்டு கிலோ.

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். டாக்டர் அட்டையில் எழுதி, மாத்திரையைத் தொடரலாம் என்றார். நான் அம்மாவின் பின்னால் தைலடப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மிஸ்ஸி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏறு பாப்பா."

இந்தத் தடவை அவரே ஏறச் சொல்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். ஏறினேன். முள் தம்பி நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. இருபத்திரண்டரை. மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவனுக்கு ஏறியது இரண்டு. எனக்கு இறங்கியது ஒன்றரை. மீதி அரைக்கிலோ மாமாவின் கோழி. கணக்கு சரியாக வந்தது.

"காலையில என்ன சாப்ட்ட?"

"தேத்தண்ணி."

"முட்ட?"

"தம்பி சாப்ட்டான்."

மிஸ்ஸி அம்மாவைப் பார்த்தார். எனக்கு அங்கே அட்டை இல்லை. அதனால் எதையும் எழுதவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. வெளியே சாப்பிடுகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. அம்மா உள்ளே கூட்டிப்போய் மீ கோரெங் சொன்னார். ஒரு தட்டு வறுத்த நூடுல்ஸ், மேலே முட்டை. அதை என் முன்னால் தள்ளினார். பழக்கம், உடனே தம்பியின் கை நீண்டது. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டார். தம்பி முறுக்கினான், அழுதான். அம்மா விடவில்லை.

"கைய விடும்மா" என்றேன். "என் தட்டுல இருந்து எடுத்தாத்தான் அவன் திம்பான்."

"தெரியும்" என்றார் அம்மா. "நீ தின்னு."

முழுத் தட்டையும் தின்றேன். அவ்வளவு நேரமும் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ ஏற்றிவிட்டால் ஈப்போவில் மீ வாங்கிக் கொடுப்பார்கள் என்று தெரிந்துகொண்டேன். அடுத்த தடவை மூன்றாக ஏற்றிவிட வேண்டும் என்று திரும்பும் பஸ்ஸில் முடிவு செய்தேன்.