யூட்டின் முழங்கால்

நேற்றுத் தேத்தண்ணிக் கடையில் ரிவியில் செய்தி ஓடியது. ஏதோ ஒரு நாடு, இன்னொரு நாட்டின் அரசியல் பிடிக்காமல், உலகக் கால்பந்துப் போட்டிக்கு வரமாட்டோம் என்கிறதாம். அது சரியோ பிழையோ என்று பெடியள் பிடுங்குப்பட்டார்கள். என்னையும் கேட்டார்கள். நான் தேத்தண்ணியைக் குடித்தேன். எனக்குக் கருவாடு மணந்தது.

பேசாலையில் எங்கட மைதானத்தோடு ஒரு கருவாட்டுப் பந்தல் இருந்தது. பந்து அடிக்கடி அதுக்குள் விழும். நான் பின்வரிசை. பந்தைவிட ஆட்களின் காலைத்தான் கூட அடித்திருப்பேன். எனக்குப் பின்னால் கோலுக்கு யூட். விடிய வலையில் மீன் கழட்டிவிட்டு வருவான். அவனுடைய கையுறை மணத்துக்கே வெளியூர்க்காரர் கிட்ட வரமாட்டார்கள்.

அந்த யூட்டை இலங்கை அணிக்கு எடுத்தார்கள். வெளிநாட்டில் போட்டி. ஊர் அவனுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கப் பார்த்தது. அவன் போகமாட்டேன் என்றான்.

அவனுடைய அண்ணனைச் சண்டை முடிந்த நேரம் ஆமிக்காரர் விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனார்கள். ஆள் வரவில்லை. யூட்டின் அம்மா அண்ணனின் படத்தை வைத்துக்கொண்டு மன்னார் ரோட்டோரம், பிள்ளைகளைத் தேடும் மற்றத் தாய்மாரோடு இருப்பா.

போகச் சொன்னதும் அம்மாதான். நானும் யூட்டும் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தோம்.

"போய் விளையாடு மகன். அவன் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவான்."

"நீங்க படத்தோட ரோட்டில இருக்க, நான் அந்தச் சட்டையோட ரிவியில நிக்கிறதோ?"

நான்தான், அங்கே போய் அண்ணனைப் பற்றிச் சொல்லலாமே என்றேன்.

"அங்க ஆர் மச்சான் என்னட்டைக் கேக்கப் போறாங்கள்?"

யூட் கொழும்பில் அணிப் பொறுப்பாளருக்குப் போன் எடுத்துக் காரணத்தை நேராகச் சொன்னான். அடுத்த கிழமை பேப்பரில் சின்னதாய் வந்தது: முழங்கால் காயத்தால் விலகினார். யூட் வாசித்துவிட்டுக் காலை நீட்டிப் பார்த்தான்.

நானாட்டானிலிருந்து தெரிந்தவர் ஒருவர் பஸ் ஏறி நோவெண்ணெய் கொண்டுவந்தார். பாவம், தானே தேய்த்தும் விட்டார். யூட் மறுக்க ஏலாமல் இருந்தான். எனக்குச் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை.

பெடியளுக்கு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். சரி பிழை எனக்குத் தெரியாது. நாடு போகாவிட்டால் ரிவியில் வருகிறது. யூட் போகாததுக்கு அவன் வாயால் சொன்ன காரணம்கூட வரவில்லை.

கருவாட்டுப் பந்தல் இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. யூட் கோலுக்கு நிற்பதை விட்டுக் கனகாலம். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியில் வர, ஒருவர் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அந்தக் கால் இப்ப எப்பிடி?"

"பரவாயில்லை ஐயா" என்றான்.